கிழிக்காமல் விட்ட நான்கு போஸ்டர்கள்

வெள்ளிக்கிழமை மதியம் அந்த போன் வந்தபோது மைதிலி பெங்களூர் அடுகோடியில் ஆரோக்கியசாமியின் லேத் பட்டறையில் உட்கார்ந்து, மறுநாள் படப்பிடிப்புக்கு வேண்டிய சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அழைப்பு வந்தது இரண்டாவது சிம்முக்கு. அந்த நம்பரை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. படத்துக்காக அடித்த 'காணவில்லை' போஸ்டரில் மட்டும்தான் அது இருந்தது.

எடுத்து "ஹலோ" என்றாள்.

"கண்ணு, அந்தப் போஸ்டருல இருக்கற புள்ள கெடச்சிட்டாளா?"

வயதான பெண் குரல். ஓடிவந்து நின்றவள் போல மூச்சிரைத்தது.

"எந்தப் போஸ்டரும்மா?"

"அத்திபெலேல ஒட்டியிருக்குதாமே. பக்கத்து வூட்டுப் பொண்ணு கம்பெனி பஸ்ஸுல போறப்ப படம் புடிச்சாந்து காட்டுச்சு. காணோம்னு போட்டு இந்த நம்பரு இருந்துது." குரல் உடைந்துவிட்டது. "உசுரோட இருக்கறாளா, இல்லியா? அத மட்டும் சொல்லு கண்ணு."

மைதிலி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சினிமாவுக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேசுகிற வேலையில் இருந்தவள் அவள். கத்துகிறவர்களையும் அழுகிறவர்களையும் சமாதானப்படுத்தியே அந்த ஆறு வருஷமும் போயிற்று. அழுகிற குரல் காதில் விழுந்தால் அதை நிறுத்துகிற வரைக்கும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

"அம்மா, அழாதீங்க. அது நெஜம் இல்ல. சினிமாவுக்காக ஒட்டினது. அந்தப் பொண்ணு நல்லா இருக்காங்க."

"நெசமாவா?"

"சத்தியமா. நாளைக்குக் காலைலகூட ஷூட்டிங் வராங்க. இங்க அடுகோடில ஆரோக்கியசாமி லேத்துன்னு ஒண்ணு இருக்கு, அங்கதான். நான் கண்ணால பாத்துட்டுதானே சொல்றேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீ நல்லா இருப்ப கண்ணு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வைத்துவிட்டாள்.

யாரோ ஒருத்தி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக இப்படி அழுவாளா என்று மைதிலிக்கு அப்போது தோன்றவில்லை. மாறாக ஒரு பெருமைதான் வந்தது. சாயங்காலம் இயக்குநர் பாலகுமார் வந்ததும், "பாலாண்ணா, நம்ம போஸ்டரப் பாத்துட்டு ஒரு அம்மா நெஜம்னு நெனச்சு அழுதுட்டாங்க" என்று சொன்னாள். அவனுக்கும் சந்தோஷம்தான். "அப்ப டிசைன் பாஸ்" என்றான்.

பாலகுமார் நாமக்கல்காரன். பத்து வருஷமாக பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. ஒன்றரை வருஷமாக சனி ஞாயிறுகளில் மட்டும் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் வேலைக்குப் போன பெண் வீடு திரும்பவில்லை. அவளை அக்கா தேடி அலைகிறாள், கதை அவ்வளவுதான். படத்துக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. கேமரா, பிரேசர் டவுனில் இருந்து வரும் லாயிட். கல்யாண வீடியோ எடுப்பவன், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருந்தால் வரமாட்டான். ஒலிப்பதிவும் அவன் தலையில்தான். டப்பிங் கிடையாது, நடிக்கும்போது பேசுவதே படத்தில் வரும் என்பதால் டேக் எடுக்கும்போது எல்லோருடைய போனையும் ஒரு எவர்சில்வர் வாளியில் போட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். உதவி இயக்குநர், உடை, அரங்கப் பொருள், டீ எல்லாம் மைதிலி. கோலார் தங்கவயலில் இருந்து வந்த பெண். வீட்டில் இன்னும் அவள் கம்பெனிக்குப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

காணாமல் போகிற பெண்ணாக நடித்தவள் தர்ஷினி. இருபத்திமூன்று வயது. கோரமங்கலாவில் ஒரு துணிக்கடையில் பில் போடுபவள். அந்தக் கடையில் சட்டை வாங்கப் போன பாலகுமார், அவள் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவர் திரும்பியதும் அந்தச் சிரிப்பை அணைத்த விதத்தைப் பார்த்து, அங்கேயே கேட்டுவிட்டான். அவள் யோசிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். தன் போட்டோவை எங்கேயும் போடக் கூடாது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதிலும் கூடாது.

"படம் வந்தா மூஞ்சி தெரியுமே?" என்று மைதிலி கேட்டிருந்தாள்.

"படம் வர்றதுக்கு எப்படியும் ரெண்டு வருஷம் ஆவும்ல அக்கா. அதுக்குள்ள எல்லாம் மாறிடும்" என்றாள் தர்ஷினி.

ஊர் என்ன, வீட்டில் யார் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். பெங்களூரில் தனியாக இருக்கும் பெண்கள் அநேகம் பேர் அப்படித்தான் என்று மைதிலி விட்டுவிட்டாள்.

போஸ்டருக்குப் படம் கேட்டபோது தர்ஷினி தயங்கினாள். "ஷூட்டிங் முடிஞ்சதும் கிழிச்சிடுவீங்கல்ல?"

"என் கையால கிழிச்சிடறேன்" என்று மைதிலி சொன்னாள். ஏதோ ஒரு பத்து இலக்க எண்ணைப் போட்டால் அது யாராவது ஒரு அப்பாவியின் நம்பராக இருந்து தொலைக்கும் என்று தன்னுடைய இரண்டாவது நம்பரையே போட்டாள். மூன்று வாரத்துக்கு முன் அத்திபெலே பஸ் நிறுத்தத்தைச் சுற்றிப் பதினெட்டு போஸ்டர் ஒட்டி, அக்கா தேடி அலைகிற காட்சியை எடுத்தார்கள். முடிகிற நேரத்தில் நல்ல மழை. டெம்போக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். மைதிலி பதினான்கைக் கிழித்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடச் சுவரில் நான்கு இருந்தன. மழையில் அதுவே ஊறி விழுந்துவிடும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை எடுக்க வேண்டியது ஒரே ஒரு ஷாட். அது முடிந்தால் படத்தில் தர்ஷினியின் பங்கு முடிந்தது. பட்டறைக்கு மேலே இருக்கும் அறையில் இருந்து அவள் இரும்புப் படியில் இறங்கி, முற்றத்தைக் கடந்து, கேட்டைத் திறந்து தெருவுக்குப் போகிறாள். மற்றவர்கள் அவளைக் கடைசியாகப் பார்ப்பது அதுதான். தர்ஷினி ஏழரைக்கே வந்து மேலே போய்விட்டாள். மேக்கப்புக்கு ஆள் கிடையாது, தலையை அவளே பின்னிக்கொள்வாள்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு பெரியவரும் ஓர் இளைஞனும் கேட்டருகில் வந்து நின்றார்கள். பெரியவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. இளைஞன் செல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். படப்பிடிப்பு என்றால் வேடிக்கை பார்க்க ஆள் வரத்தான் செய்யும். விரட்டினால் வெளியே நின்று சத்தம் போடுவார்கள். உட்காரவைத்து டீ கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். இது மைதிலி கண்டுபிடித்த வழி.

"சினிமாங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஆமாங்கய்யா. உள்ள வந்து உக்காருங்க. சத்தம் மட்டும் போடக் கூடாது."

"நாங்க எதுக்கும்மா சத்தம் போடறோம்" என்று அவர் வந்து உட்கார்ந்தார். மைதிலி பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இளைஞன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வெளியே போய், தெருமுனையில் நின்ற ஒரு காரில் சாய்ந்துகொண்டான்.

கேமராவின் பின்னால் இருந்து பாலகுமார் மைதிலியைக் கூப்பிட்டான். "அந்தப் பெரியவர் மூஞ்சி நல்லா இருக்கே. முற்றத்துல அந்த பெஞ்சுல உக்கார வைங்க. அவ அவரத் தாண்டிப் போகட்டும். லேத்துக்கு வேலையா வந்தவர் மாதிரி இருக்கும்."

மைதிலி போய்ச் சொன்னாள். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "நான் சும்மா உக்காந்திருந்தா போதுமா?"

"போதுங்கய்யா. பொண்ணு படியில இறங்கி உங்களத் தாண்டிப் போவாங்க. நீங்க கேமராவப் பாக்காம இருந்தா சரி."

"பாக்கல" என்றார் அவர். பெஞ்சில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்லோரும் போனை வாளியில் போட்டார்கள். வெளிச்சம் சரிபார்ப்பதற்காக தர்ஷினிக்குப் பதிலாக மைதிலி இரண்டு முறை படியில் இறங்கி, பெரியவரைத் தாண்டிக் கேட் வரை நடந்து காட்டினாள். கேமராவும் மைக்கும் அப்போதே ஓடத் தொடங்கிவிட்டன. ஒத்திகையையும் பதிவு செய்வது லாயிட்டின் வழக்கம். சரி, பெண்ணைக் கூப்பிடலாம் என்று பாலகுமார் கட்டைவிரலைத் தூக்கினான். படியேறப் போன மைதிலி வாளியைக் கடக்கும்போது எதேச்சையாகக் குனிந்து பார்த்தாள். மேலாகக் கிடந்த அவளுடைய போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. தெரியாத நம்பர். பதினோரு தவறிய அழைப்புகள்.

எடுத்துக்கொண்டு பட்டறையின் உள்ளே, பழைய கடைசல் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்று பேசினாள்.

"கண்ணு, நாந்தான் நேத்து பேசினன்." அதே குரல். இன்று அழுகை இல்லை, அவசரம் மட்டும்தான். "எம் பேரு மங்களம். அவ எம் பொண்ணு. அவள எங்கியாச்சும் அனுப்பிடு. அவங்க கெளம்பிட்டாங்க."

"யாரும்மா?"

"அவங்கப்பனும் அண்ணனும். நேத்து நான் பேசினது பையனோட பழய போனு. பேசறது எல்லாம் தானா பதிவாவுமாம், எனக்குத் தெரியாது கண்ணு. ராத்திரி போட்டுப் போட்டுக் கேட்டாங்க. இருட்டோட காரெடுத்துனு பூட்டாங்க. இப்பத்தான் பக்கத்து வூட்டுப் போனு கெடச்சுது. உனக்கு அடிக்கறன் அடிக்கறன், நீ எடுக்கவே இல்ல."

மைதிலி முற்றத்தின் பக்கம் திரும்பினாள். "அவங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் அவளுக்குத் தெரியும்.

"வெள்ள வேட்டி. பச்சத் துண்டு போட்டிருப்பாரு. கோவமே வராத மாதிரி பேசுவாரு கண்ணு, அத நம்பிராத."

இயந்திரத்தின் சந்து வழியாக முற்றம் தெரிந்தது. பெரியவர் பெஞ்சில் அதே நிமிர்வோடு உட்கார்ந்திருந்தார். கேமராவைப் பார்க்கவில்லை. படியின் உச்சியில் இருந்த கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைதிலி கொடுத்த டீ டம்ளர் காலடியில் காலியாக இருந்தது.

எப்படிப் படியேறினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தர்ஷினி ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி கண்ணாடி முன் நின்றாள்.

"ரெடிக்கா. போலாமா?"

"கீழ ஒருத்தர் வந்திருக்காரு. பச்சைத் துண்டு" என்றாள் மைதிலி.

தர்ஷினி ஜன்னல் ஓரமாக நகர்ந்து, சட்டத்தின் விளிம்பில் இருந்து ஒரு கண்ணால் கீழே பார்த்தாள். கத்தவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வாயில் இருந்த ஹேர்பின் மடியில் விழுந்தது.

"எங்கப்பா" என்றாள்.

மைதிலி பக்கத்தில் மண்டியிட்டாள். என்ன கேட்பது என்று தெரியாமல், "என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"எனக்குக் கல்யாணம் ஆயிருந்திச்சி. உங்ககிட்ட சொல்லல." தர்ஷினியின் குரல் ரகசியம் பேசுவது போல இருந்தது. "நாங்களே பண்ணிக்கிட்டது. நாப்பத்தோராவது நாள் அவரு ரயில் ரோட்டோரமா கெடந்தாரு. தானா விழுந்துட்டார்னு எழுதிட்டாங்க. எங்கண்ணன் அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து கை கழுவிட்டு சாப்பிட உக்காந்தான். எங்கப்பா அவனுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தச் சொன்னாரு. என்னப் புடிச்சினு வந்து கொல்லப்புற ரூம்புல போட்டிருந்தாங்க, கதவு சந்துல பாத்தேன். மூணாம் நாளு எங்கம்மா கதவத் தொறந்து உட்டுச்சு."

மைதிலி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்த மனிதருக்கு அவள் டீ ஊற்றிக் கொடுத்திருந்தாள். கேமராவுக்கு முன்னால் இடம் பார்த்து உட்காரவைத்திருந்தாள்.

"இங்க இருக்கறது எப்படிக்கா தெரிஞ்சுது? யாரு சொன்னா?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. மைதிலி சொல்லவில்லை. "நான்தான். போன்ல ஒரு அம்மா அழுதாங்க. உங்கம்மா. நான் இடத்தச் சொல்லிட்டேன். அத்திபெலேல நாலு போஸ்டர் கிழிக்காம விட்டுட்டேன்."

தர்ஷினி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மைதிலி தாங்கியிருப்பாள். கேட்டது புரியாத குழந்தையின் முகம் போல இருந்தது அது. "கிழிச்சிடறேன்னு சொன்னீங்களே அக்கா" என்றாள். 

அறைக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்தால் தகரக் கூரை. அதில் பத்தடி நடந்தால் அடுத்த கட்டடத்தின் மொட்டை மாடி, அங்கிருந்து படி இறங்கினால் வேறு தெரு. ஆரோக்கியசாமி மழைக்காலத்தில் ஒழுகலை அடைக்க அந்த வழியாகத்தான் போவார். மைதிலி கீழே வந்தாள். பட்டறையில் நின்றுகொண்டிருந்த அவர் காதருகே நான்கே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அறுபது தாண்டியவர், அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "கர்த்தரே" என்று மட்டும் சொன்னார். ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, நடிகைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர் போல பெரியவருக்கு முன்னாலேயே படியேறிப் போனார்.

அடுத்து பாலகுமார். கேட்டதும் அவன் கேமராவை விட்டு எழுந்தான். ஆனாலும் அவன் முதலில் சொன்னது இதுதான்.

"ஒரே ஒரு ஷாட்தான் மைதிலி பாக்கி. எடுத்துட்டு அனுப்ப முடியாதா?"

மைதிலி அவனையே பார்த்தாள். ஒன்றரை வருஷமாக ஒரே பிளாஸ்கில் டீ குடித்த மனிதன். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "என்ன பேசறேன் நான்" என்று முனகினான். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான். "லைட் மாறிடுச்சு. இன்னொரு ரிகர்சல். மைதிலி, நீங்களே நடங்க."

அவள் ஏறினாள், இறங்கினாள், அவரைத் தாண்டி நடந்தாள். கேட் வரை போய்த் திரும்பினாள். "இன்னும் கொஞ்சம் மெதுவா" என்றான் பாலகுமார். மறுபடி ஏறினாள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் கதவு லேசாகத் திறந்திருந்த இடைவெளியில் உள்ளே பார்த்தாள். முதல் முறை ஆரோக்கியசாமி தர்ஷினியின் கால் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார், தகரத்தில் சத்தம் வரக் கூடாது என்று. இரண்டாம் முறை பின்கதவு திறந்திருந்தது. மூன்றாம் முறை அறையில் யாரும் இல்லை. ஆனால் மேலே எங்கேயோ தகரம் ஒருமுறை டப்பென்று நெளிந்தது. பெரியவர் தலையைத் தூக்கினார். "பூனைங்கய்யா" என்றாள் மைதிலி, நிற்காமல் நடந்தபடி.

நான்காம் முறை தாண்டும்போது அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாகக்கூட இல்லை. பேத்தியைப் பிடிப்பது போலத்தான் பிடித்தார்.

"பொண்ணு எப்பம்மா வரும்?"

"இப்ப வந்துடுவாங்கய்யா."

"உன் குரலு நல்ல குரலு" என்றார். "நேத்து அவங்கம்மாகிட்ட பேசினது நீதான? எத்தன வாட்டி கேட்டேன் தெரியுமா. எவ்வளவு பொறுமையா எடுத்துச் சொல்லியிருக்க." மற்ற கையால் சட்டைப் பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து, ஒற்றைக் கையாலேயே மடி மேல் விரித்தார். மழையில் ஊறிக் காய்ந்த போஸ்டர். ஓரம் கிழியாமல் பதமாகப் பெயர்த்து எடுத்திருந்தார். வருகிற வழியில் நிறுத்தி எடுத்திருக்க வேண்டும். "காணலன்னு நீங்கதான போட்டிருக்கீங்க? நாங்களும் ரெண்டு வருசமா தேடறோம். கண்டுபுடிக்க ஒத்தாச பண்ணியிருக்க. நீ நல்லா இருக்கணும்."

மைதிலி பாலகுமாரைத் திரும்பிப் பார்த்தாள். 

பாலகுமார் வந்து நடுவில் நின்றான். "கைய விடுங்கய்யா."

அவர் விட்டார். உடனே விட்டார். எழுந்து நின்று தெருமுனையைப் பார்த்து ஒருமுறை துண்டை உதறினார். காரில் சாய்ந்திருந்த இளைஞன் ஓடிவந்தான். அவனோடு காருக்குள் இருந்து இன்னும் இரண்டு பேர். பாலகுமார் படியின் அடியில் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் யாரையும் அடித்திராதவன். "மேல யாரும் போகக் கூடாது" என்றான். இளைஞன் அவன் முகத்தில் ஓங்கிக் குத்தினான். கண்ணாடி உடைந்து மூக்கில் ரத்தம் வந்தது. அப்போதும் அவன் கைப்பிடியை விடவில்லை. இரண்டாவது குத்தில்தான் விட்டான்.

"எங்கடி இருக்கற? அவன் கெடந்த கெடப்பு மறந்து போச்சா?" என்று கத்திக்கொண்டே இளைஞன் படியில் ஏறினான். "அவனத் தள்ளின கைதான்டி இது."

காலி அறையின் கதவு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. பெரியவர் கீழேயே நின்றார். அவருடைய முகம் அப்போதும் மாறவில்லை. மகன் உளறிவிட்டதைக் கேட்டு ஒருமுறை கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

ஆரோக்கியசாமி பின்தெருவில் இறங்கியதுமே ஒரு கடைக்காரரின் போனை வாங்கிப் போலீசுக்குச் சொல்லியிருந்தார். வண்டி வர பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் கேட்டருகே கூடிவிட்டதால் வந்த நான்கு பேராலும் வெளியே போய்க் காரை எடுக்க முடியவில்லை. வந்த பெண் எஸ்.ஐ. முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முக்காலியில் நின்ற கேமராவைக் காட்டி, "இது ஆன் இதெயா?" என்று, ஓடிக்கொண்டிருக்கிறதா எனக் கன்னடத்தில் கேட்டார்.

லாயிட் அப்போதுதான் கேமராவைப் பார்த்தான். "ஆன்தான் இதெ மேடம்" என்றான். நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு நிமிஷம் ஓடியிருந்தது. மைக்கும்தான்.

தர்ஷினியை ஸ்டேஷனில்தான் மைதிலி மறுபடி பார்த்தாள். எஸ்.ஐ. வரவழைத்த உஷா என்ற வக்கீல் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் பெயர் கேட்டபோது அவள் "லாவண்யா" என்றாள். ஒன்றரை வருஷமாகப் பழகியவளின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது மைதிலிக்கு அப்போது உறைத்தது. பேச வேண்டும் என்று மூன்று முறை எழுந்து மூன்று முறையும் உட்கார்ந்தாள். கடைசியில் வக்கீலின் காரில் ஏறப் போகும்போது அருகே போய் நின்றாள். லாவண்யா காலில் ஆரோக்கியசாமியின் வீட்டம்மாளுடைய செருப்பு இருந்தது, இரண்டு அளவு பெரியது. அவள் மைதிலியின் கையைத் தொடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. "எங்கம்மாவ என்ன பண்ணுவாங்களோ" என்றாள். கார் போய்விட்டது. எந்த ஊருக்கு என்று வக்கீல் யாருக்கும் சொல்லவில்லை. கேட்கவும் கூடாது என்றார்.

பாலகுமாரை அடித்ததற்காகப் பிடித்த நான்கு பேரும் சில நாளில் ஜாமீனில் ஊர் திரும்பிவிட்டார்கள். அந்தப் பதிவின் ஒரு பிரதியை உஷா வாங்கிக்கொண்டார். ரயில் பாதையோரம் கிடந்தவனுடைய வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு போட்டிருப்பதாகப் பிறகு தெரிந்தது. படியில் ஏறும்போது அண்ணன் கத்தியது தெளிவாகப் பதிவாகியிருந்தது. அது போதுமா என்று கேட்டதற்கு, "போதாது. ஆனா இது வரைக்கும் இதுகூட இல்லையே" என்றார் அவர்.

பாலகுமார் மூக்கில் பிளாஸ்திரியோடு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனான். ஒரு வாரம் கழித்து மைதிலியையும் லாயிட்டையும் கூப்பிட்டு, "அவ மூஞ்சி இருக்கற எதுவும் வெளிய வராது" என்றான். அக்கா நினைத்துப் பார்ப்பதாக எடுத்தவற்றோடு சேர்த்து, படத்தில் முக்கால்வாசி அவள் முகம்தான். அப்படியென்றால் படமே இல்லை என்று அர்த்தம். லாயிட் தலையைக் குனிந்துகொண்டான்.  வேறு பெண்ணை வைத்து மறுபடி எடுக்கலாமா என்று லாயிட் மெதுவாகக் கேட்டதற்கு, "காணாமப் போற பொண்ணு கதைய இனிமே என்னால எடுக்க முடியாதுங்க" என்றான் பாலகுமார். பிறகு, யாரையும் பார்க்காமல், "அன்னிக்கு நான் கேட்டது ஒண்ணு இருக்கே மைதிலி, அத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். அவள் சொல்லவில்லை.

மைதிலி அந்த இரண்டாவது சிம்மை மட்டும் போனில் இருந்து கழற்றவே இல்லை. குளிக்கப் போகும்போதுகூட போனைக் கதவருகே வைத்துவிட்டுப் போனாள். மங்களம் கூப்பிட்ட இரண்டு நம்பர்களில் மகனுடைய பழைய போன் அணைந்தே கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை எடுத்து, "அவங்க வீட்டுப் பக்கமே நாங்க போறதில்லீங்க" என்று வைத்துவிட்டாள். மைதிலி உஷாவிடம் சொன்னாள். அந்த வட்டாரத்தில் தெரிந்தவர்களை அனுப்பிப் பார்ப்பதாக அவர் சொன்னார். போனவர்கள், வீட்டுக்குள் விடவில்லை, ஆனால் அந்த அம்மாள் நடமாடுவதைப் பார்த்தோம் என்று வந்து சொன்னார்கள்.

முப்பத்துநான்காம் நாள் காலை, புது நம்பரில் இருந்து போன் வந்தது. பஸ் இரைச்சல், பூக்காரர் கூவுகிற சத்தம், அதற்கு நடுவே அந்தக் குரல்.

"நாந்தான் கண்ணு. ஆசுபத்திரிக்கு வந்தன். இது யாரோ ஒரு பொண்ணோட போனு. சீக்கிரம் குடுத்துரணும். அவ போயிட்டாளா?"

"போயிட்டாங்கம்மா. பத்திரமா இருக்காங்களாம். உங்களுக்கு என்னம்மா, எதுக்கு ஆஸ்பத்திரி?"

"ஒண்ணுமில்ல, கை. அது சேந்துரும்." மங்களம் அவசரமாகத் தாண்டிப் போனாள். "எங்க இருக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. வக்கீலம்மாகிட்ட கேட்டு வேணும்னா..."

"கேக்காத." குரல் சட்டென்று கெட்டிப்பட்டது. "நீயும் கேக்காத, எங்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா எங்கிட்டேர்ந்து எடுத்துருவாங்க. தெரியாத வரைக்குந்தான் என்னால வாய மூடிட்டு இருக்க முடியும்."

மைதிலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சரி என்றாள்.  "நான் அன்னிக்கு உங்ககிட்ட இடத்தச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றாள்.

"நான் போன் பண்ணியிருக்கக் கூடாது" என்றாள் மங்களம். "என்ன பண்றது. செத்துட்டாளோன்னு இருந்துது எனக்கு."

பின்னால் யாரோ பஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். "வைக்கறன் கண்ணு" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.